ஃபிட்ஸ் மாத்திரை சாப்பிட்டால் உப்பைக் குறைக்க வேண்டுமா?

கேள்வி: ஏற்காட்டில் இருக்கிறோம். என் 19 வயது மகன் ஃபிட்ஸுக்குத் தினமும் பெனிடாயின் 300 மி.கி. எடுக்கிறான். மூளையில் சோடியத்தைத் தடுக்கிற மருந்து என்று மெடிக்கல் ஷாப்பில் சொன்னார்கள். அட்டையிலும் 'சோடியம்' என்று போட்டிருக்கிறது. உப்பும் சோடியம்தானே, குறைத்துவிடு என்கிறார் மாமியார். என்ன செய்வது?

பதில்: உப்பை வழக்கம்போலவே போடுங்கள், அம்மா. அட்டையில் உள்ள சோடியம், மருந்து எளிதாகக் கரைவதற்காகச் சேர்ந்தது. 100 மி.கி. மாத்திரையில் அது சுமார் 8 மி.கி.தான். ஒரு டீஸ்பூன் உப்பில் 2,000 மி.கி. வரை இருக்கும்.

மூளையில் நடப்பது வேறு. நரம்பணுவின் (நரம்பு செல்லின்) உள்ளே இருப்பதைவிட வெளியே சோடியம் அயனி பத்து மடங்குக்கு மேல் அதிகம். அணுவின் சவ்வில் அதற்கென்றே புரத வாசல்கள் உண்டு. வாசல் திறந்ததும் சோடியம் உள்ளே பாயும். அணு துடிப்பது அப்படித்தான். உடனே வாசல் தானாகத் தாழிட்டுக்கொள்ளும், சற்றுப் பொறுத்துத்தான் மறுபடி திறக்கத் தயாராகும். அந்தத் தாழிட்ட நிலையில்தான் பெனிடாயின் நன்றாக ஒட்டுகிறது, வாசல் மீண்டும் தயாராவதைத் தாமதப்படுத்துகிறது. நிதானமாகத் துடிக்கும் அணுவுக்கு இதனால் பெரிய இடைஞ்சல் இல்லை. வலிப்பில் விடாமல் படபடக்கும் அணுவில்தான் மருந்தின் பிடி இறுகும். பையன் வழக்கம்போலப் பேசிப் படித்துக்கொண்டிருக்க, வலிப்பு மட்டும் அடங்குவது இதனால்தான். தூங்கவைக்காமலே வலிப்பை அடக்கும் என்று மெரிட், புட்னம் என்ற அமெரிக்க மருத்துவர்கள் 1938-லேயே காட்டிவிட்டார்கள். 1950-களில், சோடியத்தை வெளியே தள்ளும் பம்பை இது முடுக்குகிறது என்று நினைத்தார்கள். முக்கிய வேலை வாசலில்தான் என்பது பிறகு தெளிவானது.

குழம்பில் உப்பைக் குறைத்தாலும் கூட்டினாலும் மருந்தின் இந்த வேலை மாறாது. சொல்லப்போனால், ரத்தத்தில் சோடியம் மிகவும் இறங்கினால் அதுவே வலிப்பைக் கொண்டுவரும்.

நீங்கள் கவனிக்க வேண்டியது மாத்திரையின் அளவைத்தான். பெனிடாயினைச் சிதைக்கும் கல்லீரலின் திறனுக்கு ஓர் எல்லை உண்டு. 300-ஐ 400 ஆக்கினால் ரத்தத்தில் மருந்து மூன்றில் ஒரு பங்குதான் கூடும் என்று கணக்குப் போட முடியாது. இரண்டு மடங்குகூட ஆகிவிடலாம். அதனால் நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ கூடாது, டாக்டரைக் கேட்காமல் கம்பெனியையும் மாற்றக் கூடாது. நடை தள்ளாடினாலோ, நாக்குக் குழறினாலோ, எதிரில் இருப்பது இரண்டாகத் தெரிந்தாலோ அன்றைக்கே சேலம் இறங்கி ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்த்துவிடுங்கள். பெரும்பாலும் மில்லிலிட்டருக்கு 10 முதல் 20 மைக்ரோகிராம் வரை இருந்தால் சரி.

அப்புறம், அட்டை காலியான பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். மழையில் மலைப்பாதையில் மண் சரிந்தால் பஸ் வராது. மாத்திரை திடீரென நின்றால் வலிப்பு விடாமல் வரக்கூடும். ஒரு வாரத்துக்கானது எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். டாக்டர் சரி என்று சொல்லும்வரை அந்த 20 கொண்டை ஊசி வளைவுகளில் பையன் பைக் ஓட்டவும் வேண்டாம்.