பினாங்கில் கப்பல் நிற்கும் அந்த ஒரு பகல்

விடுமுறைக்குச் சிங்கப்பூர் கப்பல் டிக்கெட் போட்டவர்கள் நிறையப் பேர் போலிருக்கிறது, இந்த முறை தபாலில் பாதி பினாங்கு பற்றித்தான்.

சிங்கப்பூரிலிருந்து சொகுசுக் கப்பலில் குடும்பத்தோடு போகிறோம். பினாங்கில் காலையில் நின்று சாயங்காலம் கிளம்பிவிடுமாம். கப்பலிலேயே ஊர் சுற்றிக்காட்ட டூர் விற்கிறார்கள், எடுக்கலாமா? – வாசகி, திருச்சி

தேவையில்லை. பல ஊர்களில் கப்பலை எங்கோ ஒரு சரக்குத் துறைமுகத்தில் கட்டிவிடுவார்கள், ஊருக்குள் போகவே பஸ்ஸில் ஒரு மணி நேரம் ஆகும், அங்கெல்லாம் டூர் சரி. பினாங்கில் கன்டெய்னர் வேலை எதிர்க்கரையில் பட்டர்வொர்த் பக்கம் போய்விட்டதால், பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுன் வாசலிலேயே இருக்கும் ஸ்வெட்டன்ஹாம் பியர் என்ற கப்பல்துறையில் உங்களை இறக்கிவிடுவார்கள். வெளியே வந்ததும் ஒரு மணிக்கூண்டு. விக்டோரியா மகாராணி பட்டத்துக்கு வந்து 60 ஆண்டு ஆனதற்காக, ஆண்டுக்கு ஓர் அடி வீதம் 60 அடிக்கு ஒரு சீனச் செல்வந்தர் கட்டிக்கொடுத்தது; இரண்டாம் உலகப்போரில் பக்கத்தில் விழுந்த குண்டால் லேசாகச் சாய்ந்திருக்கிறது, கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள், தெரியும்.

அங்கிருந்து நடந்தே லிட்டில் இந்தியா. குவீன் தெருவில் 1833-ல் கட்டிய மகா மாரியம்மன் கோயில், சூலியா தெரு முனையில் நாகூர் ஆண்டவர் பெயரில் ஒரு தர்கா, 1801-ல் தமிழ் முஸ்லிம்கள் தொடங்கிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், பள்ளிவாசல் இருக்கும் சாலையிலேயே சீனர்களின் குவான் யின் கோயில், 1818-ல் எழுந்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் என்று எல்லாம் கூப்பிடு தூரத்தில். வெயில்தான் ஆளைச் சாய்க்கும், குடை வேண்டும். கால் வலித்தால் சி.ஏ.டி. என்று எழுதிய இலவச பஸ் பழைய ஊரைச் சுற்றி ஓடுகிறது. ஒன்று மட்டும்: கப்பல்காரர்களின் டூர் லேட்டானால் கப்பல் காத்திருக்கும், நீங்களாகச் சுற்றப்போய் லேட்டானால் காத்திருக்காது.

என் தாத்தா ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு போனவர். அவர் இறங்கிய இடத்தை இப்போது பார்க்க முடியுமா? – வாசகர், திருவாரூர்

துறைமுகம் அதேதான், ஆனால் தாத்தா நேரே ஊருக்குள் இறங்கியிருப்பாரா என்பது சந்தேகம். 1926-லிருந்து 1973 வரை சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிய கப்பல் அது. நாகையில் படகில் போய்த்தான் ஏற வேண்டும், டெக் டிக்கெட் என்றால் மேல்தட்டில் பாயை விரித்துக்கொள்ள வேண்டியதுதான். தொற்றுநோய் பயத்தால் டெக் பயணிகளைப் பினாங்கை ஒட்டிய ஜெரஜாக் தீவில் தடுத்து வைத்து, நோய் இல்லை என்று உறுதியான பிறகே ஊருக்குள் விட்ட காலம் உண்டு. பினாங்குப் பாலத்துக்குத் தெற்கே, கரையிலிருந்தே அந்தத் தீவு தெரியும். ஒரு டாக்சி பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். ரஜூலாவுக்கு அப்புறம் வந்த எம்.வி. சிதம்பரம் 1985-ல் தீப்பிடித்ததோடு அந்தப் போக்குவரத்தே முடிந்துபோனது. தாத்தா பாயில் படுத்துப் போன கடலில் பேரன் பஃபே சாப்பிட்டுக்கொண்டே போகிறீர்கள், நடக்கட்டும்!

கார்ன்வாலிஸ் கோட்டையில் ஏதாவது பெரிய போர் நடந்ததா? – வாசகர், வேலூர்

ஒன்றும் நடக்கவில்லை. 1786-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக பிரான்சிஸ் லைட் வந்திறங்கி நிபோங் பனையை வெட்டி நட்ட வேலிதான் முதல் கோட்டை; செங்கல் சுவர் பிற்பாடு, இந்தியாவிலிருந்து கொண்டுபோன கைதிகளின் உழைப்பில் எழுந்தது. உள்ளே 1603-ல் வார்த்த டச்சு பீரங்கி ஒன்று இருக்கிறது, பிள்ளை வரம் வேண்டி அதற்குப் பூ வைக்கும் வழக்கம் உண்டு.

நிஜச் சண்டை எதிரே கடலில், 1914 அக்டோபர் 28 விடியற்காலை. அதற்கு முந்தைய மாதம் சென்னையில் குண்டு போட்டதே, அதே ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன்தான். மூன்று புகைபோக்கிக் கப்பல், நான்காவதாகப் பொய்ப் புகைபோக்கி ஒன்றை மாட்டிக்கொண்டு பிரிட்டிஷ் கப்பல் மாதிரி உள்ளே நுழைந்து, நங்கூரம் போட்டு நின்ற ரஷ்யப் போர்க்கப்பல் ஷெம்சுக்கை டார்பிடோ விட்டு மூழ்கடித்தது. வெளியே போகிற வழியில் பிரெஞ்சுக் கப்பல் ஒன்றையும் தீர்த்துவிட்டுப் போனது. ஷெம்சுக்கின் கேப்டன் அன்று ராத்திரி கப்பலிலேயே இல்லை, கரையில் தங்கியிருந்தார்! கோட்டைக்குள் போகாவிட்டாலும் பரவாயில்லை, பக்கத்துக் கடற்கரைச் சுவரில் நின்று அந்தத் தண்ணீரைப் பாருங்கள்.

சாப்பாடு? – வாசகர், ஈரோடு

நாசி கண்டார். தமிழ் முஸ்லிம்கள் தோளில் காவடி போட்டு, ஒரு பக்கம் சோறு, ஒரு பக்கம் குழம்பு என்று துறைமுகக் கூலிகளுக்கு விற்ற சாப்பாடு, இன்று ஊரின் அடையாளம். ‘பஞ்சிர்’ என்று சொன்னால் மீன் குழம்பு, கோழிக் குழம்பு, ஆட்டுக் குழம்பு எல்லாவற்றையும் சோறு மூழ்க ஊற்றித் தருவார்கள், நம் ஆட்கள் சிலருக்கு முகம் சுளிக்கும், எனக்கு அதுதான் பிடிக்கும். பெரிய இறாலைக் காட்டும் முன் விலையைக் கேட்டுக்கொள்ளுங்கள். சைவம் என்றால் லிட்டில் இந்தியாவில் இட்லி, தோசைக்குப் பஞ்சமில்லை.

கடலுக்கு மேல் மரக்கால் ஊன்றிய சீனர் வீடுகளில் போட்டோ எடுக்கலாமா? – வாசகி, கோவை

வீட்டுக்குள் எட்டிப்பார்த்து எடுக்காதீர்கள். சியூ ஜெட்டி பொருட்காட்சி அல்ல, வாசலில் துணி காயும், கிழவர் டி.வி. பார்த்துக்கொண்டிருப்பார். 2008-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தபின் கூட்டம் அதிகமாகி, படம் எடுக்காதீர்கள் என்று போர்டு மாட்டிய வீடுகளும் அங்கே உண்டு. கப்பல் வரும் நாளில் அந்தப் பலகைப் பாதையில் நடக்கிற நெரிசலைப் பார்த்தால் அவர்கள் மேல் தப்புச் சொல்ல முடியாது. கப்பலை விட்டு முதல் ஆளாக இறங்கி அங்கே போய்விடுங்கள், அல்லது பக்கத்திலேயே கூட்டம் குறைந்த டான் ஜெட்டிக்குப் போங்கள்.

அன்றைக்கே மலை ரயிலும் பார்த்துவிடலாமா? – வாசகர், மதுரை

மலையா, ஊரா, ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ரயில் வரிசையிலேயே பாதிப் பகல் போய்விடும் நாட்கள் உண்டு.

விசா? – வாசகர், சேலம்

2023 டிசம்பரிலிருந்து இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு மலேசியா 30 நாள் வரை விசா கேட்பதில்லை. அவ்வப்போது நீட்டிக்கும் சலுகை என்பதால் டிக்கெட் போடும் முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பலர் கோட்டை விடுவது சிங்கப்பூர் விசாவில். கப்பல் திரும்பி வரும்போது மறுபடி நுழைவதாகத்தான் கணக்கு, எனவே பலமுறை நுழையும் விசாதானா என்று பாருங்கள்.