பூஞ்சைப் புண்ணாக்கும் பாலில் இறங்கும் நஞ்சும்

கேள்வி: என்னிடம் நான்கு கலப்பினக் கறவை மாடுகள் இருக்கின்றன. பாலில் அஃப்ளடாக்சின் எம்1 கூடுதலாக இருப்பதாகச் சோதனையில் சொல்லிவிட்டார்கள். மழையில் வாங்கிய கடலைப் புண்ணாக்கில் லேசாகப் பூஞ்சை இருந்தது உண்மைதான். அதை வெயிலில் நன்றாகக் காயவைத்துத்தான் வைக்கிறேன். மாடுகளும் நன்றாக இருக்கின்றன. பாலையும் எல்லோரும் காய்ச்சித்தானே குடிக்கிறார்கள்? பிறகென்ன?

பதில்: வெயிலில் பூஞ்சை அடங்கும். ஆனால் அது ஏற்கெனவே கக்கிவிட்ட நஞ்சு, அதாவது அஃப்ளடாக்சின், அப்படியேதான் இருக்கும். பாலைக் கொதிக்க வைத்தாலும் போகாது. புண்ணாக்கிலுள்ள அஃப்ளடாக்சின் பி1, மாட்டின் ஈரலில் எம்1 ஆக மாறி ஒரு நாளுக்குள் பாலில் தெரிய ஆரம்பித்துவிடும். தின்றதில் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான் அப்படி இறங்கும். கறவை கூடுதலான மாட்டில் இன்னும் கொஞ்சம் அதிகம். ஆனால் பாலுக்கு உள்ள சட்ட வரம்பே கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம்தான். மாடு நோஞ்சானாகும்வரை நஞ்சு காத்திருக்காது.

இதெல்லாம் அதிகாரிகளின் கெடுபிடி என்று நினைக்க வேண்டாம். 1974இல் ராஜஸ்தான், குஜராத் பழங்குடிக் கிராமங்களில் மழையில் நனைந்த மக்காச்சோளத்தைத் தின்று, ஈரல் கெட்டு நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அதே வீடுகளில் மிச்சத்தைத் தின்ற நாய்களும் செத்தன. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் ஆராய்ந்துதான் காரணம் அஃப்ளடாக்சின் என்று தெரிந்தது. 2018இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. ஊரெல்லாம் கலப்படம் என்று பேச, கலப்படம் கண்டது வெறும் 12இல். தமிழ்நாட்டின் 551 மாதிரிகளிலோ 88இல் எம்1 வரம்பு மீறியிருந்தது. எனக்கென்னவோ, பால்காரரைச் சந்தேகப்பட்ட அளவுக்கு நாம் தீவன மூட்டையைச் சந்தேகப்படவில்லை.

சரி, இன்றே அந்தப் புண்ணாக்கை நிறுத்துங்கள். நல்ல தீவனத்துக்கு மாறினால் மூன்று நான்கு நாளில் பால் தெளியும். ஒரு வாரம் கழித்து மறுபடி சோதித்துப் பாருங்கள். நிறுத்திய புண்ணாக்கைக் கோழிக்கோ வாத்துக்கோ போட்டுவிடாதீர்கள். வாத்துக்குஞ்சு மாட்டைவிடச் சீக்கிரம் சாகும். குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள்.

அடுத்த லோடு வாங்கியதும் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்புங்கள். ஒரே கட்டியை உடைத்து அனுப்பினால் பயனில்லை, ஏனென்றால் நஞ்சு மூட்டைக்கு மூட்டை மாறும். பல மூட்டைகளில் மேல், நடு, அடி என்று கைப்பிடி கைப்பிடியாக எடுத்து, பொடித்துக் கலந்து, அதிலிருந்து அரைக் கிலோ பிரித்து அனுப்புங்கள். முடிவில் பி1 கிலோவுக்கு 20 மைக்ரோகிராமுக்கு மேல் என்று வந்தால் மூட்டையைத் திருப்பிவிடுங்கள். கறவை மாட்டுத் தீவனத்துக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் வைத்த வரம்பு அது.

மூட்டைகளைச் சுவரை ஒட்டாமல் பலகை மேல் அடுக்குங்கள். நஞ்சை உறிஞ்சும் களிமண் பொடி கடையில் கிடைக்கும். அது அளவைக் குறைக்கும், அவ்வளவுதான். அதை நம்பிப் பூஞ்சைத் தீவனம் வாங்காதீர்கள். அப்புறம், மழையில் நனைந்த கடலைக்கொடி போர் ஏதும் இருந்தால் அதையும் பிரித்துப் பாருங்கள்.