தோற்றது யாழ்ப்பாணத்தில், பாடம் கிடந்தது மட்டக்களப்பில்

கேள்வி இதுதான்: 2024 பாராளுமன்றத் தேர்தலில் யாழ்ப்பாணத்தில் யாரும் எதிர்பாராத அடி வாங்கிய தமிழரசுக் கட்சிக்கு இனி எதிர்காலம் இருக்கிறதா, யார் தலைமை தாங்க வேண்டும்?

நான் மட்டக்களப்பின் படுவான்கரைக்காரன். 'எதிர்பாராத தோல்வி' என்று கேட்டதும் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது, ஏனென்றால் அதே தேர்தலில் மட்டக்களப்பில் 5 ஆசனங்களில் 3 தமிழரசின் வீட்டுச் சின்னத்துக்குத்தான் வந்தது. 22 தேர்தல் மாவட்டங்களில் தேசிய மக்கள் சக்தியின் திசைகாட்டி முதலிடம் பிடிக்காத ஒரே மாவட்டம் எங்களுடையது. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. யாழ்ப்பாணம் 2024இல் விழுந்த குழியில் நாங்கள் 2020இலேயே விழுந்து எழும்பிவிட்டோம், அதை அங்கே யாரும் வந்து பார்க்கவில்லை என்பதுதான் என் குறை.

2015இல் மட்டக்களப்பில் வீட்டுக்கு விழுந்தது 127,185 வாக்கு, 3 ஆசனம். 2020இல் அது 79,460 ஆகி 2 ஆசனத்தில் நின்றது. விளக்கமறியலில் இருந்தபடியே படகுச் சின்னத்தில் கேட்ட முன்னாள் முதலமைச்சர் பிள்ளையான் 54,198 விருப்பு வாக்கு எடுத்து மாவட்டத்தில் முதலாவதாக வந்தார். 2015இல் வீட்டில் கேட்டு வென்ற வியாழேந்திரன் ராஜபக்சக்களின் மொட்டில் போய் வென்றார். அம்பாறையில் கதை இன்னும் மோசம், முன்னாள் புலித் தளபதி கருணா கேட்ட கட்சிக்கு 29,379 வாக்கு, தமிழரசுக்கு 25 ஆயிரம் சொச்சம், இரண்டு பேருக்கும் ஆசனம் இல்லை. கூட்டினால் ஐம்பதாயிரத்தைத் தாண்டும், அந்த மாவட்டத்துத் தமிழர் பக்கத்தில் ஒருவரும் வெல்லவில்லை. கட்சித் தலைவர் மாவை சேனாதிராஜாவே அந்தமுறை யாழ்ப்பாணத்தில் தோற்றார்.

அதற்குப் பிறகு கட்சிக்குள் எதைப் பேசினார்கள்? தேசியப்பட்டியல் ஆசனத்தை யாரைக் கேட்டு அம்பாறைக்குக் கொடுத்தீர்கள் என்று. கலையரசனுக்குக் கொடுத்தது சரியான முடிவு என்றுதான் நான் இப்போதும் நினைக்கிறேன், ஆனாலும் பொதுச் செயலாளராக இருந்த துரைராசசிங்கம் அந்தச் சண்டைக்குப் பிறகு பதவியை விட்டுப் போனார். ஐம்பதாயிரத்துக்குக் கிட்ட வாக்கு மட்டக்களப்பில் எங்கே போனது என்று ஒரு கூட்டத்திலாவது கேட்டதாக நான் அறியவில்லை.

போன வாக்கில் ஒன்று என் மாமாவுடையது. வேளாண்மை செய்கிறவர், எனக்குத் தெரிந்த காலம் முழுக்க வீட்டுக்குப் புள்ளடி போட்டவர். எங்கள் வயல் கண்டத்துக்குப் போகிற பாதை மாரியில் சேறாகிவிடும், உழவு மெசின் புதையும். அதைத் திருத்தித் தரச் சொல்லி, வயலுக்கு நீர்ப்பாசனம் பார்க்கிற வட்டவிதானையும் மாமாவும் ஒரு எம்பியின் அலுவலகத்துக்குக் கடிதத்தோடு மூன்று தரம் போனார்கள், மூன்று தரமும் ஐயா கொழும்பில் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். தேர்தலுக்கு முதல் வாரம் மாமா என்னிடம் சொன்னது: "உரிமை வேணும்தான் மனே. மெசின் போற பாதையும் வேணும்தானே. மறுகா என்ன செய்யச் சொல்றாய்?" அந்தமுறை அவர் படகுக்குப் போட்டார். பாதை வந்ததா என்று கேட்காதீர்கள், யாரோ கிறவல் கொட்டினார்கள், அடுத்த மாரிக்கு அது வாய்க்காலோடு போய்விட்டது.

2024இல் மாமா வீட்டுக்குத் திரும்பினார். பாசத்தால் இல்லை. 2021 பெப்ரவரியில் தமிழர் உரிமைக்காகப் பொத்துவிலிலிருந்து பொலிகண்டிக்கு நடந்தபோது தமிழரசு எம்பி சாணக்கியனைக் கண்டார்கள், 2023இல் மயிலத்தமடு மாதவனை மேய்ச்சல் தரைக்காகப் பண்ணையாளர்கள் சித்தாண்டியில் குந்தியபோது எம்பிமார் அங்கே போய் இருந்தார்கள். பக்கத்தில் வந்து நிற்கிற ஆட்கள் என்று ஒரு எண்ணம் வந்தது. அதோடு பட்டியலில் வைத்தியர் சிறிநாத் போல புது ஆட்களும் இருந்தார்கள். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும், வாக்குப் பிரிந்தால் தமிழ் ஆசனம் குறையும் என்ற பயம் இங்கே எப்போதும் இருக்கிறது, அந்தப் பயம் கட்சியின் உழைப்பு இல்லை. 96,975 வாக்கையும் கட்சி தன் கணக்கில் எழுதிக்கொள்ளக் கூடாது.

சரி, யாழ்ப்பாணத்துக்கு வருவோம். அங்கே திசைகாட்டிக்குக் கிடைத்தது 80,830 வாக்கு, அதாவது கால்வாசி. ஆசனம் மட்டும் ஆறில் மூன்று. எப்படி? முதலாவதாக வருகிற கட்சிக்கு ஒரு மேலதிக ஆசனம், 5 வீதத்தைத் தொடாதவர்களின் வாக்கு கணக்கிலேயே வராது, மீதியைத்தான் விகிதாசாரத்தில் பங்கிடுகிறார்கள். தமிழரசு 63,327 எடுத்து ஒரு ஆசனத்தோடு நின்றது, 27 ஆயிரம் சொச்சம் எடுத்த கஜேந்திரகுமாரின் சைக்கிளுக்கும் வைத்தியர் அர்ச்சுனாவின் சுயேச்சைக் குழுவுக்கும் தலா ஒன்று. 2023 தொடக்கத்தில் தமிழரசு தனியே கேட்கப்போகிறோம் என்று தமிழ்த் தேசியக் கூட்டமைப்பை உடைத்தது, பங்காளிகள் பிறகு சங்குச் சின்னத்தில் கேட்டு யாழ்ப்பாணத்தில் இருபதாயிரத்துக்கு மேல் எடுத்தார்கள், அங்கே ஒரு ஆசனமும் இல்லை. பழைய வீட்டில் எல்லாரும் ஒன்றாக இருந்திருந்தால் மேலதிக ஆசனம் யார் பக்கம் போயிருக்கும் என்று நீங்களே கூட்டிப் பாருங்கள். சனம் தேசியத்தைக் கைவிட்டுவிட்டது என்று கட்டுரை எழுதியவர்கள் முதலில் இந்தக் கணக்கைச் செய்திருக்கலாம். அதற்காக அந்த 80,830 பேரும் ஏதோ மயக்கத்தில் போட்டார்கள் என்று நான் சொல்லவில்லை, அவர்களிலும் என் மாமாமார் நிறையப் பேர் இருந்திருப்பார்கள்.

தலைமைக்கு வருகிறேன். 2024 ஜனவரி 21 திருகோணமலையில் கட்சித் தலைவரைத் தெரிய வாக்கெடுப்பு நடந்தது, சிறீதரன் 184, சுமந்திரன் 137. கட்சி வரலாற்றில் நல்ல நாள் என்று நினைத்தேன். ஒரு கிழமைக்குள் பொதுச் செயலாளர் பதவி மட்டக்களப்புக்கா திருகோணமலைக்கா என்று சண்டை வந்தது, மாநாடு தள்ளிப்போனது, பிறகு திருகோணமலை மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கு. அதே ஆண்டு ஜனாதிபதித் தேர்தலில் மத்திய செயற்குழு சஜித்துக்கு என்றது, சிறீதரன் தமிழ்ப் பொதுவேட்பாளர் அரியநேத்திரனுக்கு என்றார். இவ்வளவு குழப்பத்தோடு நவம்பரில் வாக்குக் கேட்டால் சனம் என்ன செய்யும்? அப்புறம் பதில் தலைவராக, அதாவது தற்காலிகத் தலைவராக, சி.வி.கே. சிவஞானம் வந்தார், பதில் பொதுச் செயலாளராக சுமந்திரன் வந்தார். தலைவர் யார் என்று கேட்டால் பதில் இல்லை, பதில் தலைவர்தான் இருந்தார் என்று இங்கே பகிடியாகச் சொல்வார்கள்.

தேர்தலில் தோற்றவர் கட்சியை நடத்தக் கூடாது என்ற வாதம் எனக்குப் பிடிக்காது. செல்வநாயகமே 1952இல் காங்கேசன்துறையில் தோற்றார், அந்தமுறை கட்சிக்குக் கிடைத்தது 2 ஆசனம், 1956இல் 10. அமிர்தலிங்கம் 1970இல் வட்டுக்கோட்டையில் தோற்று 1977இல் எதிர்க்கட்சித் தலைவரானார். ஆகவே சுமந்திரன் 2024 பாராளுமன்றத் தேர்தலில் தோற்றார் என்பதற்காக ஒதுங்க வேண்டியதில்லை. ஆனால் 184 பேர் தெரிவு செய்தவரை ஏற்க முடியாது என்றால் மறுபடி பொதுச்சபையைக் கூட்டி வெளிப்படையாக வாக்கெடுங்கள், யார் வென்றாலும் தோற்றவர் வாயை மூடிக்கொண்டு வேலை செய்யட்டும். என்னைக் கேட்டால் தலைவர் எந்த ஊர் என்பது எனக்குப் பெரிய விஷயமில்லை, எங்கள் பட்டிருப்பு இராசமாணிக்கமும் ஒருகாலம் தலைவராக இருந்தவர்தான். வேட்பாளர் தெரிவுதான் விஷயம். அது பிரதேசக் கிளைகளில் நடக்க வேண்டும், மத்திய செயற்குழுவின் மேசையில் இல்லை.

எதிர்காலம் இருக்கிறதா என்றால் இருக்கிறது. 2025 மே உள்ளூராட்சித் தேர்தலில் வீடு மறுபடி எழும்பியதே, வட்டாரத்தில் முகம் தெரிந்த ஆளை நிறுத்தினால் சனம் போடுகிறது. அடுத்தது மாகாண சபை. கிழக்கில் கடைசியாக அந்தத் தேர்தல் நடந்தது 2012இல், எப்போது வைத்தாலும் முதலமைச்சர் வேட்பாளர் யார் என்பதில் இன்னொரு சண்டை நிச்சயம். மாமா அந்தப் பழைய கடிதத்தின் கொப்பியை அலுமாரியில் வைத்திருக்கிறார். யார் வாக்குக் கேட்டு வந்தாலும் முதலில் அதைத்தான் நீட்டுவாராம், தேத்தண்ணி மறுகாதானாம்.