அம்மாவின் ஈ.பி.எப். பணத்தில் த்ரீவீலை அலங்கரிக்கலாமா?

கேள்வி: வணக்கம் ஐயா. தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். வயது 34. டவுனில் பஜாஜ் நான்கு ஸ்ட்ரோக் த்ரீவீல் ஓட்டுகிறேன். லீசிங் போன வருடம் கட்டி முடிந்தது. ஒரு நாளைக்குச் சராசரியாக 65 கிலோமீற்றர் ஓடுகிறேன். கையில் 4,500 ரூபாய் வரும், பெற்றோலுக்கு 1,200 போகும். மாதம் 25 நாள் வேலை. வீட்டுச் செலவு 60,000. ரிப்பேர், டயர், இன்சூரன்ஸ், வருட லைசன்ஸ் எல்லாம் சேர்த்துப் போன வருடம் 138,000 போயிருக்கிறது. பில்லுகளை வைத்திருக்கிறேன். மாதம் 5,000 சீட்டு கட்டுகிறேன், 100,000 ரூபாய் சீட்டு, அடுத்த மாதம் என் முறை. வங்கிப் புத்தகத்தில் 35,000 இருக்கிறது.

இப்போது வண்டி மேட்டில் இழுக்க மாட்டேன் என்கிறது. கிளட்ச் ஸ்லிப் ஆகிறது, தரைத் தகடு துருப்பிடித்துவிட்டது. கராஜ் பாஸ் எல்லாவற்றையும் சேர்த்து 300,000 கேட்கிறார். பிரேக்கும் இரண்டு டயரும் 31,000, கிளட்ச் 19,000, தகடு வெட்டி ஒட்ட 28,000, புது ஹூட்டும் மழைத் திரையும் 38,000, சீட் குஷன் 24,000. மீதி 160,000 அலோய் வீல், பெயின்ட், ஸ்டிக்கர், எல்.ஈ.டி., சவுண்ட் செட்டுக்கு. பச்சை வண்டியைக் கறுப்பாக்க ஆசை. ஸ்டாண்டில் பளபளப்பான வண்டிக்குத்தான் வெளிநாட்டுக்காரர்கள் ஏறுகிறார்கள்.

ஒரு பைனான்ஸ் கம்பனி வண்டிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு 300,000 தருகிறேன் என்கிறது. இரண்டு வருடம், 16 வீத வட்டி. அம்மா தோட்டத்தில் பெயர் வெட்டி வேலையில் இருந்து நின்றுவிட்டார். ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி), ஈ.டி.எப். (ஊழியர் நம்பிக்கை நிதி), சேவைக்காலப் பணம் எல்லாம் சேர்ந்து 940,000 வந்திருக்கிறது. "கம்பனிக்கு எதுக்கு வட்டி, என் காசை எடுத்துக்கோ" என்கிறார். எதை எடுப்பது?

பதில்: தம்பி, இரண்டையும் எடுக்க வேண்டாம். 300,000 ரூபாய் வேலையையும் செய்ய வேண்டாம். ஆனால் அந்த வேலையில் ஒரு பகுதியை இந்த வாரமே செய்ய வேண்டும். அதற்கான காசு உங்களிடமே இருக்கிறது.

முதலில் கம்பனிக் கணக்கு. 16 வீதம் என்று அவர்கள் சொல்வது பிளாட் ரேட். 300,000க்கு வருடம் 48,000, இரண்டு வருடத்துக்கு 96,000. மொத்தம் 396,000ஐ 24ஆல் பிரித்தால் மாதத் தவணை 16,500. இதில் கவனிக்க வேண்டியது, நீங்கள் மாதாமாதம் முதலைத் திருப்பிக் கட்டிக்கொண்டே வந்தாலும் வட்டி கடைசி மாதம்வரை முழு 300,000க்குத்தான் போடப்படுகிறது. மிச்சமிருக்கும் முதலுக்கு மட்டும் வட்டி என்று கணக்குப் பார்த்தால் இது வருடத்துக்கு 28 வீதம் அளவில் வரும். அதற்கு மேல் ஆவணச் செலவு இருக்கும். புத்தகம் அவர்களிடம் இருக்கும்வரை முழு இன்சூரன்ஸும் (புல் இன்சூரன்ஸ்) கேட்பார்கள்.

உங்களால் அதைக் கட்ட முடியுமா? 4,500இல் பெற்றோல் போக 3,300. 25 நாளுக்கு 82,500. வீட்டுக்கு 60,000 போனால் 22,500 மீதி. போன வருட ரிப்பேர் கணக்கு மாதத்துக்கு 11,500. சீட்டுக்கு 5,000. கையில் நிற்பது 6,000. அதில் 16,500 தவணை எங்கிருந்து வரும்? மாதம் 10,500 குறைகிறது. பளபளப்பைப் பார்த்து ஆட்கள் ஏறுவார்கள் என்று சொல்வீர்கள். பெற்றோலை விட்டுவிட்டுப் பார்த்தாலே ஒவ்வொரு நாளும் 420 ரூபாய் கூடுதலாக வந்தால்தான் அந்தக் குழி நிரம்பும், அதுவும் மழைக்காலத்திலும். சிவனொளிபாதமலை சீசனும் நுவரெலியா ஏப்ரல் சீசனும் வருடம் முழுக்க இருப்பதில்லை. 2022இல் பெற்றோல் வரிசையில் நாள்கணக்கில் வண்டி நின்றபோது தவணை மட்டும் நிற்கவில்லை என்பது ஸ்டாண்டில் இருக்கும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும்.

சரி, வண்டி விஷயத்துக்கு வருவோம். பாஸ் ஒரே பில்லாகத் தந்ததில் மூன்று வகை வேலை கலந்திருக்கிறது. முதல் 78,000 உயிருக்கும் வண்டிக்கும். அடுத்த 62,000 ஹயருக்கு, அதாவது வாடகை ஓட்டத்துக்கு. கடைசி 160,000 கண்ணுக்கு. ஒரே தாளில் எழுதினால் எல்லாம் அவசியம் போலத்தான் தெரியும். அவரிடம் மூன்று பில்லாகக் கேளுங்கள்.

பிரேக்கும் டயரும் இந்த வாரமே. வங்கியில் இருக்கும் 35,000இல் இருந்து 31,000 எடுங்கள். உங்கள் பக்கத்து ரோட்டில் இதைத் தள்ளிப்போடவே முடியாது. த்ரீவீலுக்கு டிரம் பிரேக். நானுஓயாவில் இருந்து இறங்கும்போதோ ரம்பொடைப் பக்கம் ஹயர் போகும்போதோ மிதித்தபடியே வந்தால் டிரம் சூடேறிப் பிடிமானம் குறையும். பெற்றோல் மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் விட்டு இறங்குகிற பழக்கம் நம் ஆட்களிடம் நிறைய இருக்கிறது. அதில் மிச்சமாகும் சில்லறைக்குப் பதிலாகப் பிரேக் ஷூவுக்குக் கொடுக்கிறீர்கள், ஆபத்து தனி. ஏறிய கியரிலேயே இறங்குங்கள், எஞ்சினே பாதி வேலையைப் பார்க்கும்.

கிளட்சும் தகடும் அடுத்த மாதம் சீட்டு வந்ததும். இரண்டும் 47,000. அதுவரை மூன்று பேரையும் சாமானையும் ஏற்றிக்கொண்டு செங்குத்தான தோட்ட ரோட்டுக்குப் போகாதீர்கள். ஸ்லிப் ஆகிற கிளட்சோடு மேடு ஏறினால் எஞ்சின் சுற்றுகிற அளவுக்குச் சில்லு சுற்றாது, பெற்றோல்தான் போகும். நான்கு ஸ்ட்ரோக் வண்டியில் கிளட்ச் பிளேட்டுகள் எஞ்சின் எண்ணெயிலேயே ஊறிக்கிடப்பவை. அதனால் கார் எண்ணெயை மலிவாகக் கிடைக்கிறது என்று ஊற்றினால் புது பிளேட்டும் வழுக்கும். கையேட்டில் போட்டிருக்கும் ரகத்தை, போட்டிருக்கும் கிலோமீற்றரில் மாற்றுங்கள். பழைய பிளேட்டைக் கழற்றும்போது பக்கத்தில் நின்று பாருங்கள், கழற்றிய பாகத்தைக் கையில் வாங்குங்கள். பாஸ் நல்லவராகவே இருக்கட்டும், 19,000 கொடுப்பவருக்குப் பார்க்க உரிமை இருக்கிறது.

தகட்டைப் பற்றி ஒரு வார்த்தை. மேலே பெயின்ட் அடித்துத் துருவை மூடுவது நடக்கிற காரியம்தான், ஆனால் அடுத்த மழைக்குள் மறுபடி கிளம்பும். அழுகியதை வெட்டி எடுத்து, புதுத் தகடு ஒட்டி, அடிப்பக்கம் துருத்தடுப்புப் பூச்சு பூச வேண்டும். அதற்கும் சேர்த்துத்தான் 28,000ஆ என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மலையில் ஈரம் காய்வதே இல்லை. கார்பெட்டுக்குக் கீழே தண்ணீர் தேங்கித்தான் பாதித் துரு வருகிறது, கார்பெட்டை வாரம் ஒருமுறை தூக்கிக் காயவைத்தாலே ஆயுள் கூடும்.

சீட்டில் 53,000 மிஞ்சும். அதில் ஹூட்டுக்கும் மழைத் திரைக்கும் 38,000 கொடுக்கலாம். இதை நான் தாராளமாகச் சம்மதிப்பதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் பக்கம் தென்மேல் பருவ மழை அடித்துப் பெய்யும் இடம். நனையாமல் கொண்டுபோய் விடுகிற வண்டியைத்தான் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிற அம்மாமார் மாத ஹயருக்குப் பிடிப்பார்கள். மாத ஹயர் சீசன் பார்த்து வருவதில்லை. பளபளப்பைவிட அதுதான் உங்களுக்கு வருமானம். மிச்சம் 15,000ஐ வங்கிப் புத்தகத்தில் திரும்பப் போடுங்கள். சீட்டு எடுத்த பிறகும் முடியும்வரை 5,000 கட்ட வேண்டும், அதை மறந்து கணக்குப் போடாதீர்கள். குஷன் இப்போதைக்கு வேண்டாம், கிழிந்த இடத்தைத் தைத்துக்கொள்ளுங்கள்.

இனி அந்த 160,000. ஆசைப்படுவதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிற இடம் அழகாக இருக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றும். ஆனால் பில்லில் தெரியாத செலவு இதில் நிறைய. அளவு மாறிய அலோய் வீலும் அகல டயரும் போட்டால் மீற்றரின் கணக்கு மாறும், பெயாரிங்குக்குப் பாரம் கூடும், ஸ்டெப்னி பொருந்தாமல் போகலாம். சவுண்ட் செட்டும் எல்.ஈ.டி.யும் சின்ன வண்டியின் சார்ஜ் கொயிலுக்கு அதிகம், பெற்றறி சீக்கிரம் விழும். பியூஸ் இல்லாமல் வயரை வெட்டி இணைத்தால் தீப்பிடிக்கவும் இடமுண்டு. கண்ணைக் கூசுகிற வெள்ளை லைற்றைப் பனிமூட்டத்தில் போட்டால் எதிரில் வெள்ளைச் சுவர்தான் தெரியும். லைற் வேண்டுமென்றால் தாழ்வாகப் பொருத்துகிற பனி லைற் ஒரு சோடி போதும். வெளிநாட்டுக்காரர் பைகளுக்காக மேலே கரியர் போட நினைத்தால், பாரம் உயரத்தில் ஏறினால் மூன்று சில்லு வண்டி வளைவில் சாயும் என்பதையும் யோசியுங்கள்.

கறுப்புப் பெயின்ட் வெறும் பெயின்ட் வேலை இல்லை. வாகனப் பதிவுப் புத்தகத்தில் நிறம் எழுதியிருக்கிறது. மாற்றினால் மோட்டார் வாகனத் திணைக்களத்தில் பதிய வேண்டும். பதியாமல் ஓட்டினால் ரோட்டில் பொலிஸ் பிடித்தாலும் தலைவலி, விற்கப் போனாலும் தலைவலி. இன்சூரன்ஸ்காரருக்கும் மாற்றங்களைச் சொல்ல வேண்டும். அப்படியே பொலிசியில் வண்டி சொந்தப் பாவனை என்று இருக்கிறதா, ஹயர் என்று இருக்கிறதா என்று பாருங்கள். பிரீமியம் குறைவு என்று சொந்தப் பாவனை போட்டுவிட்டு ஹயர் ஓடினால், விபத்தன்று நட்டஈடு கேட்கும்போதுதான் அது வெளியில் வரும்.

அடுத்த வருடம் இதே கடிதம் வராமல் இருக்க ஒரு வழி. 65 கிலோமீற்றர், 25 நாள், 12 மாதம் என்றால் வருடம் 19,500 கிலோமீற்றர். உங்கள் 138,000ஐ அதனால் பிரித்தால் ஒரு கிலோமீற்றருக்கு 7 ரூபாய் வருகிறது. வண்டி உருளும் ஒவ்வொரு கிலோமீற்றரும் உங்கள் சட்டைப்பையில் இருந்து 7 ரூபாய் எடுக்கிறது, பெற்றோல் வேறு. அதோடு 3 ரூபாய் சேருங்கள், எஞ்சின் இறக்குகிற நாளுக்கும் அடுத்த வண்டிக்கும். கிலோமீற்றருக்கு 10 ரூபாய், நாளுக்கு 650. இரவு வீட்டுக்கு வந்ததும் மீற்றரைப் பார்த்து அந்தக் காசைத் தனியாக வையுங்கள், வாரம் ஒருமுறை தனி வங்கிக் கணக்கில் போடுங்கள். மாதம் 16,250. சீட்டும் கட்டிவிட்டால் உங்களிடம் 1,250தான் மிஞ்சும், உண்மைதான், இறுக்கம்தான். ஆனால் ரிப்பேருக்கும் இன்சூரன்ஸுக்கும் அதன்பிறகு வேறு காசு தேட வேண்டியதில்லை. 3 ரூபாய்ப் பங்கு மட்டும் ஒரு வருடத்தில் 58,500 ஆகும். சீட்டு முடிந்ததும் அந்த 5,000மும் திரும்பக் கிடைக்கும். அலோய் வீல் ஆசை அப்போதும் இருந்தால் அந்தக் காசில் வாங்குங்கள், நான் தடுக்க மாட்டேன்.

அம்மாவின் பணத்துக்கு வருகிறேன். இதில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுவேன். அந்த 940,000 அவர் கொழுந்துக்கூடை சுமந்த வருடங்களின் காசு. சம்பளத்தில் 8 வீதம் அவருடையது, 12 வீதம் தோட்டம் போட்டது, ஈ.டி.எப்.புக்கு 3 வீதம். இனி அவருக்கு மாதச் சம்பளம் இல்லை, ஓய்வூதியமும் இல்லை. பிள்ளை கேட்டால் எந்தத் தாயும் தருவார். அதனால்தான் நீங்கள் கேட்கக் கூடாது. அந்தக் கம்பனிக் கடனுக்குப் பிணைக் கையெழுத்தும் அவரிடம் வாங்காதீர்கள், அது அதே பணத்தைப் பின்கதவால் எடுப்பதுதான்.

மத்திய வங்கி அனுமதிபெற்ற வங்கி ஒன்றில் அவர் பெயரிலேயே நிலையான வைப்பில் போட்டு, வட்டியை மாதாமாதம் எடுக்கச் சொல்லுங்கள். ஒரேயடியாக முழுவதையும் ஒரு வருடத்துக்குப் பூட்டாமல், ஒரு பங்கை மூன்று மாத வைப்பில் வைத்தால் ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் உடைக்க வசதி. வைப்புக் காப்புறுதித் திட்டம் ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 1,100,000 வரை ஈடு தருகிறது, ஆகவே அவர் தொகை முழுவதும் அதற்குள் அடங்கும். வட்டியில் 10 வீத வரி பிடிப்பார்கள். அம்மாவின் வருட வருமானம் 18 இலட்சத்துக்குக் கீழே என்பதால் சுய உறுதிமொழிப் படிவம் கொடுத்து அதைத் தவிர்க்கலாம், வங்கியில் கேளுங்கள். அதிக வட்டி தருகிறோம் என்று லயத்து வீட்டுக்கே வந்து பேசுகிறவர்களிடம் அனுமதிப்பத்திரம் கேட்க வேண்டும், அதைவிட நல்லது கதவைச் சாத்துவது.

கடைசியாக ஒன்று. லீசிங் முடிந்தது என்கிறீர்கள். புத்தகத்தில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் இன்னும் பழைய கம்பனியின் பெயர்தான் இருக்கிறதா? இருந்தால் அவர்களிடம் கடன் தீர்ந்த கடிதம் வாங்கித் திணைக்களத்தில் அந்தப் பெயரை நீக்கிவிடுங்கள். கராஜ் பில்லைப் பிரித்து வாங்கப் போகிற அதே வாரத்தில் இதையும் தொடங்குங்கள்.