டவுன்லோட் செய்த ஃபைலைத் திறக்கும்போதெல்லாம் விண்டோஸ் எச்சரிக்கை வருகிறது. நிறுத்த வழி உண்டா?

உண்டு. ஆனால் ஒரேயடியாக எல்லாவற்றுக்கும் நிறுத்திவிடாதீர்கள். உங்களுக்கு நம்பிக்கையான ஃபைலுக்கு மட்டும் நிறுத்துங்கள்.

நான் வேலை பார்ப்பது கணக்கு எழுதும் ஆபீஸில். மாதக் கடைசி என்றால் அந்த எச்சரிக்கைப் பெட்டியின் முகத்தில்தான் விழிப்பேன். அது வைரஸைப் பார்த்துப் பயந்து கத்துகிறது என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். அப்படியில்லை. பிரவுசர் ஒரு ஃபைலை இறக்கும்போதே அதன் முதுகில் கண்ணுக்குத் தெரியாத சீட்டு ஒன்றை ஒட்டிவிடுகிறது. சோன் ஐடென்டிஃபையர் என்று பெயர். 2004-ல் விண்டோஸ் எக்ஸ்பிக்கு சர்வீஸ் பேக் 2 என்ற அப்டேட் வந்த நாளிலிருந்து இந்தப் பழக்கம். சீட்டில் 3 என்ற எண் இருந்தால் ‘இணையத்திலிருந்து வந்தது’ என்று பொருள். விண்டோஸ் அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் கேட்கிறது. சீட்டு இருக்கும்வரை நூறாவது தடவையும் கேட்கும்.

ஆகவே சீட்டைக் கிழித்தால் போதும். ஃபைல் மேல் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், ஜெனரல் பக்கத்தின் அடியில் ‘அன்பிளாக்’ என்று ஒரு கட்டம் இருக்கும். டிக் செய்து ஓகே கொடுங்கள். எச்சரிக்கைப் பெட்டியிலேயே ‘எப்போதும் கேள்’ என்ற டிக் தெரிந்தால், அதை எடுத்துவிட்டுத் திறந்தாலும் அதே பலன்தான்.

ஜிப் ஃபைலில்தான் நான் மாட்டினேன். ஜிப்பில் சீட்டு இருந்தால், விண்டோஸிலேயே அதைப் பிரிக்கும்போது உள்ளே இருக்கும் ஒவ்வொரு ஃபைலிலும் ஒரு சீட்டு ஒட்டிக்கொள்ளும். எனக்கு வந்தது ஒரு கிளையண்டின் ஒரு வருட பில் மொத்தமும். நூற்றுச் சொச்சம் எக்செல். ஒவ்வொன்றாக ரைட் கிளிக் செய்து, பாதி முடிக்கும்போது இருட்டிவிட்டது. பிரிப்பதற்கு முன்னால் ஜிப்பையே ஒருமுறை அன்பிளாக் செய்திருந்தால் பத்து வினாடி வேலை! ஏற்கெனவே பிரித்துவிட்டீர்களா, விண்டோஸில் கட்டளை தட்டும் பவர்ஷெல்லில் ‘அன்பிளாக்-ஃபைல்’ (Unblock-File) என்ற கட்டளை இருக்கிறது. ஃபோல்டரின் பாதையைக் கொடுத்து முடிவில் நட்சத்திரக் குறி போட்டால் அந்த ஃபோல்டரில் உள்ள எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும்.

எக்செல்லில் மஞ்சள் பட்டை வந்தால் பெரிய விஷயமில்லை, ‘எனேபிள் எடிட்டிங்’ அழுத்தினால் போகும். சிவப்புப் பட்டைதான் தொல்லை. 2022-லிருந்து இணையத்தில் இறக்கிய ஃபைலின் மேக்ரோவை, அதாவது ஃபைலுக்குள் இருக்கும் குட்டி புரோகிராமை, மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் தானாகவே தடுக்கிறது. அந்தப் பட்டையில் அனுமதி கொடுக்க ஒரு பட்டனும் கிடையாது. ஜிஎஸ்டி வருடாந்திரக் கணக்குக்கான ஜிஎஸ்டிஆர்-9 ஆஃப்லைன் டூல் மாதிரி மேக்ரோவில் ஓடும் படிவங்கள் அப்படியே கல்லாக உட்கார்ந்திருக்கும். அதிகாரப்பூர்வத் தளத்தில் நீங்களே இறக்கியதென்றால் அதற்கும் அன்பிளாக்தான் மருந்து. மெயிலில் யாரோ அனுப்பியதென்றால் தொடாதீர்கள்.

ஆபீஸ் சர்வரில் உள்ள ஃபைலுக்கு எச்சரிக்கை வருகிறது என்றால் கதை வேறு. சர்வரைப் பெயருக்குப் பதில் ஐபி எண் (நெட்வொர்க்கில் அதன் முகவரி எண்) கொடுத்துத் திறந்தால், எண்ணுக்கு நடுவே புள்ளிகள் இருப்பதால் விண்டோஸ் அதையும் இணையம் என்றே எடுத்துக்கொள்ளும். இன்டர்நெட் ஆப்ஷன்ஸில் ‘லோக்கல் இன்ட்ராநெட்’ பட்டியலில் அந்த எண்ணைச் சேர்த்துவிடுங்கள்.

இன்னொரு வைத்தியமும் ஊரில் உண்டு. எங்கள் சீனியர் அண்ணன் எந்த ஃபைலையும் பென் டிரைவில் போட்டுத் திரும்ப எடுப்பார். எச்சரிக்கை வராது. “வைரஸ் வடிஞ்சிருச்சு பாத்தியா” என்பார். பெரும்பாலான பென் டிரைவ்கள் எஃப்ஏடி32 அல்லது எக்ஸ்ஃபேட் என்ற வகையில் ஃபார்மட் செய்தவை. அதில் அந்தச் சீட்டை வைக்க இடமே கிடையாது. வழியில் உதிர்ந்தது சீட்டு மட்டும். வைரஸ் இருந்தால் அது பத்திரமாக வந்து சேர்ந்திருக்கும். போன மாதம் யாரோ, சீட்டுக்கு இடமுள்ள என்டிஎஃப்எஸ் வகையில் ஃபார்மட் செய்த பென் டிரைவ் ஒன்றை அவரிடம் கொடுத்துவிட்டார்கள். சீட்டு கீழே விழாமல் கூடவே வந்தது, எச்சரிக்கையும் வந்தது. பென் டிரைவ் டூப்ளிகேட் என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.