எஸ்.கே.எஸ்.ஈ. ஓடவில்லை என்பதற்காக சேவ் போய்விட்டதாக நினைக்காதீர்கள்

கேள்வி: ஸ்டீம் என்ற இணையக் கடையில் காசு கொடுத்து வாங்கிய ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷன் கேமை அப்டேட் ஆகவிடாமல் வைத்து, நிறைய மொட்களோடு (பிறர் எழுதிய கூடுதல் சேர்ப்புகளோடு) விளையாடி வந்தேன். லப்டொப் மெதுவாகிவிட்டது என்று டவுணில் ஒரு கடையில் கொடுத்தேன். போமட் பண்ணித் தந்தார்கள். மொட்களும், விளையாடிய இடத்தைப் பதிந்து வைத்த சேவ்களும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் பத்திரமாக இருந்தன. கேமைத் திரும்ப இறக்கி, எல்லாவற்றையும் பழையபடியே போட்டேன். இப்போது, பல மொட்கள் நம்பியிருக்கும் எஸ்.கே.எஸ்.ஈ. என்ற ஸ்கிரிப்ட் எக்ஸ்டெண்டர், கேமின் வேர்ஷன் புதிது என்று சொல்லி நின்றுவிடுகிறது. கடைக்காரரோ மொட் எல்லாம் பழுது, சேவும் இனிச் சரிவராது, 6,000 ரூபா தந்தால் கேமோடு சேர்த்து ‘ஃபுல் பக்’ (முழுத் தொகுப்பு) போட்டுத் தருகிறேன் என்கிறார். என் சேவ் போய்விட்டதா? (வாசகர், கோப்பாய்)

பதில்: போகவில்லை, தம்பி. மொட்களும் பழுதாகவில்லை. அந்த 6,000 ரூபாவை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள்.

நடந்தது இவ்வளவுதான். நீங்கள் முன்பு வைத்திருந்த கேம் ஒரு வேர்ஷன். ஸ்டீம் இப்போது இறக்கித் தந்திருப்பது 1.6.1170, அதாவது 2024 ஜனவரியில் வந்த வேர்ஷன். எஸ்.கே.எஸ்.ஈ. மட்டும் பழையதாகவே இருக்கிறது. கேம் ஓடும்போது அதன் நினைவகத்துக்குள் குறிப்பிட்ட சில இடங்களில் புகுந்துதான் இந்த எக்ஸ்டெண்டர் வேலை செய்கிறது. கேமை அவர்கள் திருத்தி வெளியிடும் ஒவ்வொரு முறையும் அந்த இடங்கள் நகர்ந்துவிடும். வீதியில் எல்லா வீட்டு இலக்கங்களையும் மாற்றிவிட்டுப் பழைய விலாசத்தோடு தபால்காரரை அனுப்பினால் எப்படியோ, அப்படித்தான். பிழையான வீட்டுக் கதவைத் தட்டாமல் அது தானாகவே நின்றுவிட்டது உங்கள் நல்ல காலம்.

இதை நீங்களே கண்ணால் பார்க்கலாம். கேம் இருக்கும் போல்டரைத் திறந்து, எஸ்.கே.எஸ்.ஈ. 64 என்று தொடங்கும் டி.எல்.எல். என்ற நிரல் ஃபைலின் பெயரைப் பாருங்கள். அது எந்த கேம் வேர்ஷனுக்கு உரியது என்பது பெயரிலேயே எழுதியிருக்கும். உங்களுடையதில் 1, 6, 640 என்றோ வேறு ஏதாவதோ இருக்கலாம். அடுத்து, கேமின் ஓடும் ஃபைலில் வலது கிளிக் செய்து, புரொப்பர்ட்டீஸில் விவரங்கள் பகுதியைப் பாருங்கள், 1.6.1170 என்று காட்டும். இரண்டு எண்ணும் ஒத்துப்போகவில்லை. உங்கள் நோய் முழுவதும் அதற்குள் அடக்கம்.

1.6.1170க்கு உரிய எஸ்.கே.எஸ்.ஈ. 2.2.6. அதை உருவாக்கியவர்களின் சொந்தத் தளத்திலோ நெக்ஸஸ் என்ற மொட் தளத்திலோ இலவசமாக எடுக்கலாம். பழைய டி.எல்.எல்.லை அழித்துவிட்டு, புதியதையும், கேமைத் தொடங்கி வைக்கும் லோடரையும் கேமின் ஓடும் ஃபைல் இருக்கும் அதே போல்டரில் போடுங்கள். கூட வரும் டேட்டா போல்டரையும் விட்டுவிடக் கூடாது. அதற்குள்தான் ஸ்கிரிப்ட்கள் இருக்கின்றன. பாதிப் பேர் லோடரை மட்டும் போட்டுவிட்டு, மெனு வேலை செய்யவில்லை என்று என்னிடம் வருகிறார்கள். பிறகு ஸ்டீமின் பிளே பொத்தானை மறந்துவிடுங்கள். எப்போதும் லோடரால்தான் தொடங்க வேண்டும். மொட்களை ஒழுங்குபடுத்தும் மொட் ஓகனைசர் வைத்திருந்தால் அதற்குள்ளிருந்து லோடரை ஓட்டுங்கள்.

உங்கள் மொட்களில் ஜிகாபைட் கணக்கில் இடம் பிடிப்பவை மரம், கல், முகம், உடை போன்ற தோற்ற மொட்கள். அவற்றுக்கு கேமின் வேர்ஷனைப் பற்றிக் கவலையே இல்லை. அவற்றைத் திரும்ப இறக்கி டேட்டாவை வீணாக்காதீர்கள். கேமின் மெனுவை மாற்றும் ஸ்கை யூ.ஐ.யும் அப்படியே இருக்கட்டும். மாற்ற வேண்டியவை தங்களுக்குள் டி.எல்.எல். வைத்திருப்பவை மட்டும். முதலில், நான் சொன்ன அந்த நினைவக இடங்களின் பட்டியலான அட்ரஸ் லைப்ரரியின் புதிய ஃபைலைப் போடுங்கள். அதை நம்பி எழுதப்பட்ட பல பிளகின்கள் (டி.எல்.எல். உள்ள மொட்கள்) அதன் பிறகு தாமாகவே வழிக்கு வந்துவிடும். மீதி எவை என்பதை கேமே சொல்லும்.

அது சொல்லும் இடத்தில் ஒரு பொறி இருக்கிறது. பிளகின் ஒன்று ஏறவில்லை என்றால் தொடக்கத்திலேயே ஒரு சிறு பெட்டி வரும். ஏறாதவற்றின் பெயர்களைச் சொல்லிவிட்டு, ‘கேமை விட்டு வெளியேறவா?’ என்று அது கேட்கும். ஆம் என்றால் வெளியேறுவது, இல்லை என்றால் தொடர்வது. அவசரத்தில் வாசிக்காமல் ‘இல்லை’யை அமத்தி உள்ளே போய், அங்கே சேவும் பண்ணிவிட்டு, பிறகு சேவ் கெட்டுப்போனது என்று அழுகிறார்கள். ‘ஆம்’ கொடுங்கள். பெயர்களைக் கடதாசியில் எழுதுங்கள். அவற்றை மட்டும் நெக்ஸஸில் தேடிப் புதியதை எடுங்கள்.

சேவ் விஷயத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு சேவுக்கும் ஒரே பெயரில் இரண்டு ஃபைல்கள் உண்டு. ஒன்று கேமினுடையது; மற்றது எஸ்.கே.எஸ்.ஈ. எழுதியது. மொட்கள் நினைவில் வைத்திருக்கும் பல விஷயங்கள் இரண்டாவதில்தான் இருக்கின்றன. ஹார்ட் டிஸ்க்கில் இரண்டும் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். பார்த்துவிட்டு அந்த போல்டரை அப்படியே இன்னொரு இடத்திலும் பிரதி எடுங்கள். சேவைத் திறக்கும்போது, இது நம்பியிருக்கும் சில உள்ளடக்கங்கள் இப்போது இல்லை, தொடரவா என்று கேம் கேட்டால் தொடராதீர்கள். ஏதோ ஒரு மொட் விடுபட்டிருக்கிறது என்பதுதான் அதன் பொருள். அதைப் போட்டுவிட்டு வாருங்கள். பாதி மொட்களைத் தூக்கினால் சரிவரும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் சேவுக்குள் அவற்றின் ஸ்கிரிப்ட்கள் ஏற்கெனவே பதிந்திருக்கும்.

இனி அந்த ‘ஃபுல் பக்’. இது நம்மூரில் பல காலமாக நடக்கும் வியாபாரம். எஸ்.கே.எஸ்.ஈ. இலவசம். மொட்கள் இலவசம். அவற்றைப் பிறர் பிரதி எடுத்து விற்பதற்கு எழுதியவர்கள் அனுமதி கொடுக்கவில்லை. கடைக்காரர் தருவது பெரும்பாலும் பூட்டு உடைத்த கேம்; அதற்குள் யாரோ எப்போதோ கொட்டிய மொட்கள்; அதில் எது எந்த வேர்ஷன் என்று அவருக்கே தெரியாது. ஆன்டிவைரஸை நிறுத்திவிட்டுப் போடச் சொல்வார்கள். ஏன் நிறுத்த வேண்டும் என்று கேட்டால் பதில் வராது. நீங்கள் முறையாக வாங்கிய கேமை அழித்துவிட்டுத் திருட்டுப் பிரதியைப் போட உங்களிடமே காசு கேட்பது தலையில் மிளகாய் அரைக்கும் வேலை. ஸ்டீம் பாஸ்வேர்டையும் போனுக்கு வரும் குறியீட்டையும் ஒருவருக்கும் கொடுக்க வேண்டாம். எந்த வேலைக்குக் காசு கொடுத்தாலும் பற்றுச்சீட்டு கேளுங்கள். நுகர்வோர் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி எண்ணில் முறையிட நேர்ந்தால் கையில் காட்ட ஏதாவது வேண்டும்.

உங்களுக்குப் பொருந்தாவிட்டாலும் ஒன்றை விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் ஏமாறுபவர்கள் அதிகம். ஸ்கைரிம் என்று பெயர் இருந்தால் எந்தப் பிரதியிலும் எஸ்.கே.எஸ்.ஈ. ஓடிவிடாது. ஸ்டீம் பிரதியில் ஓடும். கொக் (GOG) என்ற இணையக் கடையின் பிரதியிலும் ஓடும். ஆனால் அதற்குத் தனியாக எஸ்.கே.எஸ்.ஈ. இருக்கிறது, ஸ்டீமுக்கு உரியதைப் போட்டால் ஓடாது. மைக்ரோசொஃப்ட் ஸ்டோர் பிரதியில், அதாவது கேம் பாஸ் என்ற சந்தாவில் வருவதில், ஓடவே ஓடாது. எபிக் என்ற இணையக் கடையில் வாங்கினாலும் அதே கதி. பிளேஸ்டேஷன், எக்ஸ்பொக்ஸ் பற்றிப் பேசவே வேண்டாம். மலிவாகக் கேம் பாஸ் கணக்குத் தருகிறோம், மொட்டும் போட்டுத் தருகிறோம் என்று முகநூலில் விற்கிறார்கள். தோற்ற மொட்கள் சிலவற்றைப் போட்டுக் காட்டி நம்பவைப்பார்கள். வெளிநாட்டிலிருக்கும் மாமாவோ அக்காவோ பரிசாக வாங்கித் தரக் கேட்டால், ‘ஸ்கைரிம் வேண்டும்’ என்று மட்டும் சொல்லாதீர்கள்; ‘ஸ்டீமில், ஸ்பெஷல் எடிஷன்’ என்று சொல்லுங்கள்.

கேமை வெளியிட்ட நிறுவனத்தின் மீதும் எனக்குக் கோபம் இருக்கிறது. 2011இல் வந்த கேம் இது. 2023 டிசம்பரில் தங்கள் மொட் கடையை அதற்குள் நுழைப்பதற்காக மீண்டும் திருத்தினார்கள். உலகம் முழுக்க எஸ்.கே.எஸ்.ஈ. ஒரே நாளில் படுத்தது. ஊதியமில்லாமல் எழுதும் ஆட்கள்தான் உட்கார்ந்து சரிசெய்தார்கள். பழைய வேர்ஷன் ஒன்றை ஒரு பொத்தானில் தேர்ந்தெடுக்க வழி வைத்திருந்தால் உங்கள் கடிதமே வந்திருக்காது. இந்த எரிச்சலில் 1.5.97 என்ற பழைய வேர்ஷனுக்குத் திரும்பச் சொல்லும் பழைய யூரியூப் வீடியோக்கள் நிறைய உண்டு. உங்களுக்கு அது தேவையில்லை. மேலே ஏறுவது சுலபம், இறங்குவதுதான் தொல்லை.

எல்லாம் ஓடத் தொடங்கியதும் ஸ்டீமில் இந்தக் கேமின் அப்டேட் பகுதிக்குப் போய், கேமைத் தொடங்கும்போது மட்டும் புதுப்பிக்கும்படி மாற்றிவிடுங்கள். லோடரால் தொடங்கும் உங்களுக்கு இனித் திடீர் அப்டேட் வருவது குறையும். எக்ஸ்டெண்டர் உண்மையிலேயே ஏறியிருக்கிறதா என்று பார்க்க, கேமுக்குள் எஸ்கேப்புக்குக் கீழே இருக்கும் விசையை அமத்தி, ‘கெட்’, ‘எஸ்.கே.எஸ்.ஈ.’, ‘வேர்ஷன்’ மூன்றையும் ஆங்கில எழுத்தில் இடைவெளியும் புள்ளியும் இல்லாமல் அடியுங்கள். 2.2.6 என்று வந்தால் பழைய சேவைத் திறந்து, புதிய இடத்தில் சேவ் பண்ணி விளையாடுங்கள். பழையதன் மேல் எழுத வேண்டாம். வராவிட்டால், டொக்கியுமென்ட்ஸில் மை கேம்ஸ் போல்டருக்குள் ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷன், அதற்குள் எஸ்.கே.எஸ்.ஈ. என்ற போல்டரில் உள்ள லொக் ஃபைலை எனக்கு அனுப்புங்கள். எந்த பிளகின் தடுக்கிறது என்று அதில் வரிவரியாக இருக்கும்.