ஏரிக்கு வரும் பறவையும் வீட்டுக் கோழியும்

கேள்வி: சூளூர்பேட்டைக்கும் தடாவுக்கும் நடுவில், பழவேற்காடு ஏரியை ஒட்டின ஊர் எங்களுடையது. 120 நாட்டுக்கோழியும் 40 வாத்தும் வைத்திருக்கிறேன், எல்லாம் ஒரே கொட்டகை. வாத்துகள் பகலில் ஏரிப்பக்கம் மேயும். இந்த வருடம் கூழைக்கடாவும் பூநாரையும் நிறைய வந்திருக்கின்றன. போன வாரம் கரையில் இரண்டு கொக்கு செத்துக் கிடந்தது. நேற்று என் கோழி இரண்டு பச்சையாகக் கழிந்து, கழுத்தைத் திருகிக்கொண்டு செத்துவிட்டது. பறவைக்காய்ச்சலா? வெடி போட்டுப் பறவைகளை விரட்டலாம் என்கிறார்கள் ஊரில். இருக்கிற கோழியை இப்போதே விற்றுவிடலாமா?

பதில்: வணக்கம் ஐயா. கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், விற்காதீர்கள். என்ன நோய் என்று தெரியும்வரை ஒரு கோழியோ ஒரு முட்டையோ உங்கள் வாசலைத் தாண்டக் கூடாது. வியாபாரி கும்மிடிப்பூண்டிப் பக்கமிருந்து வண்டியில் கூடையோடு வருவார், அதே கூடை அன்றைக்கே இன்னும் நாலு ஊர் போகும்.

பச்சைக் கழிச்சல், கழுத்துத் திருகல் இரண்டும் சேர்ந்து வந்தால் நாங்கள் முதலில் நினைப்பது வெள்ளைக்கழிச்சல், அதாவது ராணிக்கெட். நாட்டுக்கோழிக்குத் தடுப்பூசி போடாத வீடுகளில் அதுதான் அதிகம். ஆனால் கண்ணால் பார்த்துப் பிரித்துச் சொல்ல முடியாது. பறவைக்காய்ச்சலிலும் நரம்புக் கோளாறு வரும், கழிச்சலும் வரும். கொண்டை நீலம் பாய்வது, தலையும் தாடியும் வீங்குவது, கால் செதிலில் ரத்தக் கசிவு, நேற்றுவரை தின்றுகொண்டிருந்த கோழிகள் காலையில் கொத்தாகச் செத்துக் கிடப்பது, இவற்றில் ஏதாவது தெரிந்தால் சந்தேகம் அந்தப் பக்கம் சாயும். எதுவானாலும் இன்றைக்கே உங்கள் மண்டலத்துக் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யுங்கள், கால்நடை உதவி எண் 1962க்கும் அழைக்கலாம். இனி எது செத்தாலும் வயிற்றைக் கிழித்துப் பார்க்க வேண்டாம், நாய்க்கும் போட வேண்டாம். மாதிரி எடுப்பது டாக்டர் வேலை, உறுதி செய்வது போபாலில் உள்ள உயர்பாதுகாப்பு ஆய்வகம். அதுவரை மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் வாங்கி ஊற்றிக் காசைக் கரைக்காதீர்கள், வைரஸுக்கு அது வேலை செய்யாது.

சரி, பறவைகள் விஷயம். வாத்து இனங்கள், கடற்காகம், ஆலா, உள்ளான் மாதிரி நீர்ப்பறவைகள்தான் பறவைக்காய்ச்சல் வைரஸ் குடும்பத்துக்கே இயற்கையான வீடு. பெரும்பாலான வகைகள் அவற்றின் குடலில் சத்தமில்லாமல் இருந்து எச்சத்தில் வெளியேறும், பறவைக்கு ஒன்றும் ஆகாது. அந்தச் சாதுவான வகைகளில் எச்5, எச்7 என்ற இரண்டு மட்டும் கோழிக்கூட்டத்துக்குள் புகுந்து சுற்றும்போது கொல்லும் வகையாக மாறக்கூடியவை. இப்போது உலகம் சுற்றும் எச்5என்1 பரம்பரையும் 1996ல் சீனாவின் குவாங்டாங்கில் ஒரு பண்ணைப் பெருவாத்தில்தான் முதலில் பிடிபட்டது. அப்புறம் அது திரும்பிக் காட்டுப் பறவைகளுக்கே போய், 2005ல் சீனாவின் சிங்காய் ஏரியில் பட்டைத்தலை வாத்துகளை ஆயிரக்கணக்கில் கொன்றது, 2021 ஜனவரியில் இமாச்சலின் பாங் அணையிலும் அதே வாத்துகள்தான் செத்தன. இமயமலையைத் தாண்டி வருகிற பறவை அது. ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் அதைவிட வடக்கே இருந்து நம் ஏரிகளுக்கு வருபவை. அதனால் பறவைகள் சுமந்து வருமா என்றால் வரும், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் ஊரில் எல்லோரும் கைகாட்டுகிற கூழைக்கடா சைபீரியாக்காரன் இல்லை, நேலபட்டுப் பறவைச் சரணாலயத்தில் கூடு கட்டிக் குஞ்சு பொரித்து நம் தென்னாட்டு ஏரிகளுக்குள்ளேயே சுற்றுகிறவன். தவிர, செத்த பறவையெல்லாம் காய்ச்சலில் சாவதும் இல்லை. ஸ்ரீகாகுளம் பக்கம் தேலிநீலாபுரத்தில் கூழைக்கடாக்கள் கூட்டமாகச் செத்தபோது ஒட்டுண்ணிப் புழுதான் காரணம் என்றார்கள். உங்கள் கரையில் கிடந்த கொக்குகளைத் தொடாமல் இடத்தை மட்டும் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

வெடி போடுகிற யோசனையை விட்டுவிடுங்கள். சட்டத்தில் மாட்டுவீர்கள், அது ஒரு பக்கம். விரட்டினால் அந்தக் கூட்டம் எங்கே போகும்? பத்துக் குளத்துக்குப் பிரிந்து போகும். நோய் இருந்தால் அதையும் பத்தாகப் பிரித்து நீங்களே அனுப்பி வைத்த மாதிரி ஆகும்.

என் கவலை உங்கள் வாத்துகள்மேல்தான். பகலெல்லாம் ஏரியில் காட்டு வாத்து எச்சமிட்ட தண்ணீரில் மேய்ந்துவிட்டு, இரவில் கோழியோடு ஒரே கொட்டகையில் அடைகின்றன. வாத்துக்கு வைரஸ் ஏறினாலும் பல நேரம் முகத்தில் ஒன்றும் தெரியாது, எச்சத்தில் மட்டும் விட்டுக்கொண்டே இருக்கும், கோழிக்குப் போனதும்தான் சாவு தெரியும். கேரளத்துக் குட்டநாட்டில் 2014, 2016, 2021, 2024 என்று திரும்பத் திரும்ப வந்தது மேய்ச்சல் வாத்துகளில்தான், வயலில் காட்டுப் பறவையும் வாத்தும் ஒரே தண்ணீர். நெல்லூர் பக்கம் 2024 பிப்ரவரியில் கோழிகளில் வந்ததை நீங்களே கேள்விப்பட்டிருப்பீர்கள். அறுவடை முடிந்த வயலுக்கு வெளியூர் வாத்துக்கூட்டம் இறங்கினால் உங்கள் வாத்துகளை அங்கே சேர்க்காதீர்கள். வலசைப் பறவை இருக்கிற மாதங்களில், நவம்பர் முதல் மார்ச் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள், வாத்துகளை ஏரிக்கு விடாமல் தனிக்கொட்டகையில் அடைத்துத் தீனி போட முடியுமா பாருங்கள். செலவு கூடும், தெரியும். முடியாது என்றால் வாத்து, கோழி இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன், இரண்டையும் ஒன்றாக வைப்பதைவிட அது மேல்.

கோழிக்கு ஏரித்தண்ணீர் வேண்டாம், போர் தண்ணீரை மூடின தொட்டியில் வைத்துக் கொடுங்கள். தீனியைக் கூரைக்குக் கீழே மட்டும் போடுங்கள், சிதறினதைக் கூட்டிவிட வேண்டும், காக்காயும் கொக்கும் அதற்குத்தான் இறங்குகின்றன. உங்கள் ஊரில் பழைய மீன்வலைக்குப் பஞ்சமா? பக்கவாட்டில் கட்டுங்கள். மேலே வலை மட்டும் போதாது, எச்சம் ஓட்டை வழியே விழும், தார்ப்பாயோ தகடோ வேண்டும். ஏரிக்குப் போன செருப்போடு கொட்டகைக்குள் நுழையாதீர்கள், உள்ளே போக ஒரு தனிச் செருப்பு. வாசலில் பிளீச்சிங் பவுடர் கரைசலில் கால் நனைத்துப் போகலாம், ஆனால் சாணி ஒட்டின காலை நனைத்தால் பயனில்லை, முதலில் கழுவணும், கரைசலையும் தினம் மாற்றணும். வியாபாரி கூடையும் வாடகை முட்டை அட்டையும் வெளியிலேயே நிற்கட்டும்.

சோதனையில் பறவைக்காய்ச்சல் என்று வந்தால் சுற்றி 1 கிலோமீட்டரில் உள்ள கோழி, வாத்து எல்லாவற்றையும் அழிப்பார்கள், 10 கிலோமீட்டர் வரை கண்காணிப்பு. அழிக்கிற பறவைக்குத்தான் இழப்பீடு, அதற்கு முன் செத்ததற்குக் கிடையாது. இதனால்தான் மறைத்து வைத்தவனுக்கு நஷ்டம் இரட்டிப்பு. வெறும் வெள்ளைக்கழிச்சல் என்று வந்தால், மிச்சமுள்ளதற்கு டாக்டர் சொல்கிறபடி, அடுத்த ஈட்டுக் குஞ்சுக்கு ஏழாம் நாள் லசோட்டா தடுப்புச் சொட்டு, எட்டாம் வாரம் ஆர்2பி தடுப்பூசி, தவறவே கூடாது.

வீட்டில் சாப்பிடுவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லிவிடுகிறேன். நோய்ப்பட்ட கோழியை அறுக்க வேண்டாம், முடிவு வரும்வரை உங்கள் கொட்டகை முட்டையும் வேண்டாம். மற்றபடி நன்றாக வெந்த கறியில், முட்டையில் வைரஸ் தாங்காது. பச்சைக்கறி மட்டும் பிள்ளைகள் கைக்குப் போகக் கூடாது, 2025 மார்ச்சில் நரசராவுப்பேட்டையைச் சேர்ந்த 2 வயதுக் குழந்தை எச்5என்1னால் இறந்தபோது பச்சைக் கோழிக்கறித் துண்டு தின்றதாகத்தான் செய்தி வந்தது. கோழியைத் தொட்ட உங்கள் வீட்டில் யாருக்காவது அடுத்த சில நாட்களில் காய்ச்சல், இருமல், கண் சிவப்பு வந்தால் ஆஸ்பத்திரியில் கோழி செத்த விஷயத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.